பள்ளியில் நட்ட கன்றுக்குக் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் ஒரு காட்சியை நாம் பார்க்கிறோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அதையொட்டிப் பள்ளி வளாகத்தில் ஒரு குழி தோண்டப்படும். சிறப்பு விருந்தினர் வருவார். பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஒரு மரக்கன்று நடப்படும். புகைப்படம் எடுப்பார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், பல இடங்களில், அதே குழியில் வேறொரு கன்று நடப்படும். முதல் கன்று எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள், மே மாத வெயிலில் அது கருகிப் போனது. விஷயம் அவ்வளவுதான்.

ஒரு பள்ளி சுற்றுச்சூழலை உண்மையிலேயே பேணுகிறதா, பேணுவதாகக் காட்டிக்கொள்கிறதா என்பதை அறிய இந்த மே மாதம் போதும். 'நிலைத்தன்மை' என்ற சொல்லின் பொருளும் இதில்தான் இருக்கிறது. ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குவது எளிது. ஆள் மாறினாலும், விடுமுறை வந்தாலும் அது நடந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்வதுதான் கடினம்.

நம் குழந்தைகள் ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை படிக்கும் தொடக்கப் பள்ளி இந்த விஷயத்தில் என்ன செய்ய முடியும், அதில் பெற்றோர்களாகிய நமக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதை மதுரை விளாங்குடிப் பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விளாங்குடியை ஏன் எடுத்துக்கொள்கிறோம்?

மதுரையிலிருந்து பரவை, சமயநல்லூர் வழியாகத் திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகை ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது விளாங்குடி. முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்தது. 2011-ல் மதுரை மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டு 72 வார்டுகள் 100 ஆனபோது, இதுவும் மாநகராட்சிக்குள் வந்தது. கண்மாயும் வயலுமாக இருந்த ஊர் வீடுகளும் கடைகளுமாக மாறியதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

இது விளாங்குடியின் கதை மட்டுமன்று. மதுரையைச் சுற்றியுள்ள புறநகர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் சாக்கடையாகிறது, சாக்கடையைக் குப்பை அடைக்கிறது, ஒரு பெருமழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் நுழைகிறது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாயை ஒட்டிய குடியிருப்புகள் தண்ணீரில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கண்மாயின் நீர் பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டும். கால்வாய் குறுகுவதற்கும் தூர்ந்துபோவதற்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று நாம் தினமும் வீசும் பிளாஸ்டிக்.

விளாங்குடி என்ற பெயரைச் சொன்னாலே விளாமரம் நினைவுக்கு வருகிறது. கெட்டியான ஓடும், உள்ளே புளிப்பும் இனிப்புமான சதையும் கொண்ட விளாம்பழத்தை வெல்லம் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்ட தலைமுறை ஒன்று இருந்தது. இன்று அந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் விளாமரத்தை நேரில் பார்த்திருப்பார்கள்? பெயரில் மட்டும் மரம் மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு தொடக்கப் பள்ளி நல்ல இடம்.

நிலைத்தன்மை என்றால் என்ன?

ஐ.நா. அமைத்த ஒரு குழு 1987-ல் வெளியிட்ட அறிக்கைதான் 'நீடித்து நிலைக்கும் வளர்ச்சி' என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது. நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருன்ட்லாண்ட் அம்மையார் அந்தக் குழுவுக்குத் தலைவர். அறிக்கையின் சாரம் எளிமையானது. இன்றைய நம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளலாம், ஆனால் நாளை வரும் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள வழியில்லாமல் செய்துவிடக் கூடாது.

குடும்பக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். தந்தை விட்டுச்சென்ற வீட்டில் குடியிருந்து, வாடகை வருவாயைச் செலவு செய்பவர் இருக்கிறார். வீட்டையே விற்றுத் தின்பவரும் இருக்கிறார். இருவரும் இன்று சாப்பிடுவது ஒரே சாப்பாடுதான். வித்தியாசம் அவர்களின் பிள்ளைகள் வளர்ந்த பிறகு தெரியும். நிலத்தடி நீர், மண், நிழல் தரும் மரம், சுத்தமான காற்று ஆகியவை எல்லாம் அந்த வீட்டைப் போன்றவை.

நமக்கு இந்தக் கருத்து புதியதன்று. வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையைச் சிறு வயதிலேயே மக்தபில் ஓதியிருக்கிறோம். ஓதியதைக் குழாயடியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் கடைப்பிடிப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

அரசும் நீதிமன்றமும் சொல்லியிருப்பது

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகள் விருப்பப்பட்டால் நடத்தலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்றது. 2003 டிசம்பரில் அதைச் செயல்படுத்துமாறு மீண்டும் உத்தரவிட்டது. 2001-02 கல்வியாண்டிலிருந்து தேசியப் பசுமைப் படை என்ற திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு தொடங்கப்பட்டது.

ஆக, சட்டத்துக்கும் திட்டத்துக்கும் குறைவில்லை. அவை நம் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

தண்ணீர்: குழாயடியிலிருந்து தொடங்குவோம்

மதுரைக்கு வரும் குடிநீரில் கணிசமான பங்கு வைகை அணையை நம்பியிருக்கிறது. அந்த அணை தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகில், இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர் இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைபடத்தில் காட்டினால், அது குழாயை மூடும் விதமே மாறும்.

அடுத்து, ஒழுகும் குழாய். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு மணி நேரம் ஒரு பாத்திரத்தை வைத்துப் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 24 லிட்டர், ஆண்டுக்கு 8,760 லிட்டர். இந்தப் பெருக்கலைத் தாங்களே போட்ட பிள்ளைகள் தலைமை ஆசிரியரிடம் போய், 'வாஷர் எப்போது மாற்றுவீர்கள்?' என்று கேட்பார்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, குழாயும் சரியாகும்.

மழைநீருக்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும், அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு 68,000 லிட்டர் தேறும். இந்த மழையில் கணிசமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. எனவே, செப்டம்பர் மாதத்திலேயே மாடியைக் கூட்டி, குழாய் அடைப்பை நீக்கி, உறிஞ்சுகுழியில் படிந்த மண்ணை அள்ளிவிட வேண்டும். பல கட்டடங்களில் மழைநீர்க் குழாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழகாக நிற்கிறது. கீழே குழி தூர்ந்து போயிருக்கிறது. தொட்டியில் சேமிப்பதாக இருந்தால் கொசு நுழையாதபடி வலை கட்டி மூடுவது அவசியம். டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கும் பள்ளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல இயந்திரங்களில் ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்க அதைவிட அதிகமான தண்ணீர் கழிவாக வெளியேறுகிறது. அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். அதில் உப்பு கூடுதலாக இருப்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். சாப்பிட்டபின் தட்டு கழுவும் தண்ணீரைச் சோப்புக் கலக்காமல் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம்.

தொழுகைக்கு இடம் ஒதுக்கியிருக்கும் பள்ளிகளுக்கும், மாலையில் மக்தப் நடக்கும் இடங்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வருகிறது. முத்து என்பதன் அளவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் அது ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் அடங்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்து ஒளூச் செய்தால் 12 லிட்டர் போகிறது. ஒரு நாள் பிள்ளைகளை ஒரு லிட்டர் குவளையில் ஒளூச் செய்யச் சொல்லிப் பாருங்கள். முடியும் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். அன்றைக்கு அவர்கள் ஃபிக்ஹ் பாடத்தையும் சுற்றுச்சூழல் பாடத்தையும் ஒன்றாகப் படித்துவிடுகிறார்கள்.

உணவு: தட்டில் மிஞ்சுவது எங்கே போகிறது?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டதே மதுரையில்தான். 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் பகுதியிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அது தொடங்கியது. காலையிலும் மதியத்திலும் பள்ளியிலேயே சாப்பிடும் பிள்ளைகள் இன்று ஏராளம். மதிய உணவில் தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் தானியம் என்பது கணக்கு. 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு நாளைக்கு 6 கிலோ அரிசி சமைக்கப்படுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் தினமும் 600 கிராம் அரிசியின் சோறு குப்பைக்குப் போகிறது.

முதல் வேலை, மிஞ்சாமல் பார்ப்பது. முதலில் கொஞ்சம் வாங்கிக்கொள், வேண்டுமென்றால் மறுபடி கேள் என்று பழக்கினாலே பாதி வீணாவது நின்றுவிடும். இரண்டாவது வேலை, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், மரத்தடிச் சருகு ஆகியவற்றை உரமாக்குவது. நிழலான ஓரிடத்தில் ஒரு சிறு குழியோ, அடியில் துளையிட்ட தொட்டியோ போதும். ஈரமான கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு பங்கு போட வேண்டும். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் காற்றுப் போகும். இரண்டு மூன்று மாதத்தில் கருப்பான, மண்வாசம் வீசும் உரம் கிடைக்கும். நாற்றம் எடுத்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று பொருள், இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் சரியாகிவிடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். எண்ணெய்ப் பதார்த்தமும் இறைச்சி எலும்பும் வேண்டாம், எலியும் நாயும் வரும்.

சருகைக் கொளுத்தும் பழக்கத்துக்கு இதுவே முற்றுப்புள்ளி வைக்கும். காலையில் வளாகத்தைக் கூட்டி மூலையில் தீ வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சருகோடு சேர்ந்து பிளாஸ்டிக் உறைகளும் எரிகின்றன. அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பது இளைப்பும் சளியும் உள்ள நம் பிள்ளைகள்தான்.

பிளாஸ்டிக்: மதுரை உலகுக்குச் சொன்ன பாடம்

100 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு ஒரு தின்பண்டப் பாக்கெட் கொண்டுவந்தால், 200 பள்ளி நாட்களில் 20,000 உறைகள். இந்த ஒரு பெருக்கலைச் சுவரில் எழுதிவைத்தால் போதும், நீண்ட சொற்பொழிவு தேவையில்லை.

பிளாஸ்டிக்கை வைத்து என்ன செய்வது என்பதற்கு உலகம் முழுவதும் கவனித்த ஒரு பதில் நம் மதுரையிலிருந்து வந்தது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், பயன்படுத்திய பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவி, அது உருகி ஜல்லியைப் போர்த்தியபின் தாருடன் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அப்படி ஒரு சாலை போடப்பட்டது. கல்லூரிக்கு 2006-ல் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சோறும் குழம்பும் ஒட்டிய, ஈரமான பிளாஸ்டிக்கைச் சாலைக்கும் பயன்படுத்த முடியாது, மறுசுழற்சிக்கும் கொடுக்க முடியாது. தனியாகப் பிரித்துச் சுத்தமாகக் காயவைத்தால்தான் அது ஒரு பொருள். மற்றவற்றோடு கலந்துவிட்டால் குப்பை. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னதும் இதனால்தான். வகுப்பறையில் இரண்டு தொட்டிகள் வைத்துப் பிரிக்கப் பழகிய பிள்ளை, வீட்டில் உம்மாவிடம் இரண்டாவது வாளி கேட்கும்.

வேறு மாநிலத்திலிருந்தும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அஸ்ஸாமில் குவாஹாத்திக்கு அருகில் பாமோஹி என்ற இடத்தில் மாஸின் முக்தார், பர்மிதா சர்மா தம்பதியர் 2016-ல் அக்ஷர் பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியைச் சுற்றியிருந்த குடும்பங்கள் குளிர்காய்வதற்குப் பிளாஸ்டிக்கை எரித்தன. நச்சுப்புகை வகுப்பறைக்குள் வந்தது. எரிக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்துப் பயனில்லாமல் போகவே, பள்ளிக் கட்டணமாகப் பணத்துக்குப் பதில் வாரம் 25 பிளாஸ்டிக் பொருட்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். பெற்றோர் சேர்த்துவைக்கத் தொடங்கியதும் எரிப்பது குறைந்தது. சேர்ந்த உறைகளைப் பாட்டில்களில் இறுக்கி அடைத்துக் கட்டுமானத்துக்குச் செங்கல் போலப் பயன்படுத்துகிறார்கள். இது அந்த ஊரின் பிரச்சினைக்கு அந்த ஊர் கண்ட தீர்வு. அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. தன் வாசலில் வரும் புகை எங்கிருந்து வருகிறது என்று ஒரு பள்ளி தேடிப் போனதே, அதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

வெயிலும் மின்சாரமும்

மதுரையின் கோடையில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். தகரக் கொட்டகையின் கீழும் சூடேறிய கான்கிரீட் கூரையின் கீழும் பிள்ளைகளால் பாடத்தில் கவனம் செலுத்த முடியாது. கூரையின் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அறைக்குள் சூடு குறையும். மேற்குச் சுவருக்கு வெளியே புங்கையோ வேம்போ வளர்ந்துவிட்டால், மாலை வெயில் சுவரில் படாது.

மின்விசிறியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய விசிறி 75 வாட் எடுத்துக்கொள்ளும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிகள் 30 வாட்டை ஒட்டியே எடுத்துக்கொள்கின்றன. பள்ளியில் 10 விசிறிகளை மாற்றினால், நாளுக்கு 6 மணி நேரம் என்று கணக்கிட்டு, 2.7 யூனிட் மிச்சமாகும். 200 பள்ளி நாட்களில் 540 யூனிட். பழைய மாணவர்களோ வசதியுள்ளவர்களோ பள்ளிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், பெயர் பொறித்த கடிகாரத்தைவிட இது பயனுள்ளது.

பிள்ளைகளின் வேலை எது, பெரியவர்களின் வேலை எது?

சுற்றுச்சூழல் என்ற பெயரில் பிள்ளைகளைத் துப்புரவுப் பணியாளர்களாக ஆக்கிவிடக் கூடாது. தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் வகுப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பது, தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மழையை அளந்து எழுதுவது ஆகியவை பிள்ளைகளுக்கு உரியவை. கழிவறை கழுவுவது, தெருக் குப்பையைக் கையால் பொறுக்குவது, உடைந்த கண்ணாடியையும் பழைய பேட்டரியையும் தொடுவது, கண்மாய்க் கரையில் இறங்குவது ஆகியவை அவர்களின் வேலை அல்ல. ஒரு சில பிள்ளைகளை மட்டும் பார்த்துக் கூட்டச் சொல்வதும், மற்றவர்களை உட்காரவைப்பதும் பெரிய தவறு. முறைவைத்து எல்லோரும் செய்ய வேண்டும், ஆண் பிள்ளைகளும் துடைப்பத்தை எடுக்க வேண்டும்.

'இதெல்லாம் செய்தால் படிப்பு கெடாதா?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுத்தையும் எண்ணையும் உறுதிப்படுத்த 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே கொண்டுவரப்பட்டிருக்கிறது. குழாய்த் தண்ணீரை அளப்பதும், உறைகளை எண்ணுவதும், கன்றின் உயரத்தை மாதம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவதும் அந்த எண்ணும் எழுத்தும்தான். நேரான பக்கங்களைக் கொண்ட ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். வாரத்தில் ஒரு பாடவேளை இதற்குப் போதும்.

மே மாதத்துக்கு ஒரு முறைப்பட்டியல்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கன்றுக்குக் கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

முதலாவதாக, நடும் காலத்தை மாற்றலாம். ஜூன் 5 அன்று உறுதிமொழி எடுக்கட்டும், விதை முளைக்கப் போடட்டும். கன்றை அக்டோபரில் மழையோடு நட்டால், கோடை வருவதற்குள் வேர் ஓரளவு இறங்கியிருக்கும். இரண்டாவதாக, எண்ணிக்கையைக் குறைக்கலாம். 50 கன்று நட்டு 50-ஐயும் இழப்பதைவிட, 3 கன்று நட்டு 3-ஐயும் காப்பாற்றுவது மேல். மூன்றாவதாக, கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போட வேண்டும், ஆட்டுக்குத் தப்ப வேலி கட்ட வேண்டும். நான்காவதாக, ஏப்ரல் மாதமே ஒரு முறைப்பட்டியல் எழுத வேண்டும். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஏழு குடும்பங்கள், வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள், மாலையில் ஒரு குடம். கேட் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும். பல கன்றுகள் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, சாவி இல்லாமல் செத்தன.

இதை யார் ஏற்பாடு செய்வது? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? போனாலும் சீருடையையும் ரேங்க்கையும் தாண்டி எதைக் கேட்கிறோம்? அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். மழைநீர்க் குழி கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது? குப்பை பிரிக்கப்படுகிறதா, எரிக்கப்படுகிறதா? ஒழுகும் குழாய் எத்தனை? மே மாதம் செடிகளுக்குப் பொறுப்பு யார்? குறை சொல்லும் தொனியில் கேட்காமல், 'நான் ஒரு நாள் வருகிறேன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் ஏற்கனவே பல பொறுப்புகளைச் சுமக்கிறார்கள்.

பள்ளியும் பள்ளிவாசலும்

நம் வழக்கில் 'பள்ளி' என்றால் இரண்டும் உண்டு. பிள்ளை பகலில் ஒரு பள்ளியில் கற்பதை மாலையில் இன்னொரு பள்ளியில் பொய்யாகப் பார்க்கக் கூடாது. வகுப்பில் குப்பையைப் பிரிக்கக் கற்றுவரும் பிள்ளை, நம் நிகாஹ் விருந்திலும் ரமளான் நோன்புக் கஞ்சி வரிசையிலும் மலைமலையாகக் குவியும் பிளாஸ்டிக் குவளைகளைப் பார்த்தால் எதை நம்பும்? கஞ்சிக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவரும் பழக்கம் நம் ஊர்களில் இருந்ததுதான். அதைத் திரும்பக் கொண்டுவர ஜமாஅத் ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஒளூக் குழாய்களை மெதுவாக வரும் குழாய்களாக மாற்றுவதும், ஹவுளுத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்புவதும் ஒரு நாள் வேலை.

வீட்டில் நாம் தொடங்க வேண்டியவையும் எளிமையானவையே. பிள்ளைக்கு எவர்சில்வர் டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்தனுப்புவது. பாக்கெட் தின்பண்டத்துக்குப் பதில் கடலைமிட்டாய், சுண்டல், பழம். மஞ்சப்பையை வண்டியிலேயே வைத்துக்கொள்வது. பால் உறையைக் கழுவிக் காயவைத்துத் தனியே கொடுப்பது.

விளாங்குடியில் ஒரு தொடக்கப் பள்ளி இந்த அக்டோபரில் ஒரு விளாங்கன்று நட்டால், அது காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போய்விடும். அதன் பழத்தைத் தின்னப்போவது வேறு யாருடைய பிள்ளையோ. உலகம் அழியும் நேரமே வந்துவிட்டாலும் கையில் இருக்கும் கன்றை நட்டுவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், நட்டவரின் கணக்கை அவர் உண்ணும் பழத்தோடு முடிக்கவில்லை. அதில் ஒரு பறவை கொத்தித் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம் என்று அறிவித்தார்கள். அந்த நன்மையில் பங்கு வேண்டுமென்றால், கன்று வாங்கக் காசு கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், வரும் மே மாதம் ஒரு மாலை நம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு பள்ளிவரை நடந்து போவோம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக.